முதல் வாரத்துக் காகிதம்

பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் புள்ளி எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பதுளை நகரைத் தாண்டிப் பசறை வீதியில் ஏறினால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்துவிடும். 2005இல் தொடங்கப்பட்டது. அதே வீதிதான் இன்னும் மேலே போய்ப் பசறை, மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களுக்குப் பிரிகிறது. தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டப்படிப்பு அங்கே உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை, அந்தக் கொழுந்தைப் பற்றிய பட்டத்தைச் சொந்த மாவட்டத்திலேயே படிக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை முழுமையாக நடத்தும் பாடசாலைகள் பதுளை மாவட்டத்தில் சில மட்டுமே. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற கணக்கைத் தோட்டத்து டியூசன் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியும். நாம் அதிகம் பேசாதது, வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு விரிவுரையாளரும் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு காகிதம் தருவார். சில பீடங்களில் அது மாணவர் கைநூலுக்குள் இருக்கும்; சிலவற்றில் இணையத் தளத்தில் ஏற்றியிருப்பார்கள். பிள்ளைகள் அதைக் கோர்ஸ் அவுட்லைன் என்கிறார்கள். பாடக் குறியீடு, கிரெடிட் எத்தனை, என்னென்ன கற்றுமுடிக்க வேண்டும், எந்த வாரம் எந்தத் தலைப்பு, எதற்கு எத்தனை புள்ளி, எந்தப் புத்தகம் என எல்லாம் அதில் இருக்கும். வாங்கி மடித்துக் கோப்புக்குள் வைத்தால், பலருக்கு அது திரும்ப வெளியே வருவது பரீட்சைக்கு முந்திய வாரத்தில்தான். அதற்குள் புள்ளியில் ஒரு பெரும் பங்கு தீர்ந்துபோயிருக்கும்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பதின்மூன்று வருடம் இந்தப் பிள்ளைகள் பழகிய முறை வேறு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் மூன்றையும் நடத்துவது பரீட்சைத் திணைக்களம். விடைத்தாளில் பெயர் கிடையாது, சுட்டெண் மட்டும்தான். வினாத்தாள் தயாரித்தவர் யார், திருத்துபவர் யார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ஆசிரியரும் பிள்ளையும் ஒரு பக்கம் நின்று, கண்ணுக்குத் தெரியாத பரீட்சகரை எதிர்கொள்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து, எந்தக் கேள்வி எந்த வருடம் வந்தது என்று கணித்து, கடைசி மூன்று மாதம் கண் விழித்துப் படித்தால் பெறுபேறு வரும். தவணைப் பரீட்சையில் குறைந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பரீட்சையில் பிடித்துக்கொள்ளலாம். இந்தத் திறமை இல்லாமல் ஹப்புத்தளையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ எவரும் பல்கலைக்கழகம் போயிருக்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவரே வினாத்தாளும் தயாரிக்கிறார், அவரே முதலில் திருத்துகிறார். மூன்றாம் வாரமே புள்ளி போடத் தொடங்கிவிடுகிறார். கடைசியில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கே பிள்ளையைக் கவிழ்த்துவிடும்.

கொழுந்து பறிக்க மலை ஏறும் அம்மாவுக்கு இது புரியாத விஷயமே இல்லை. இன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்ற முழுநாள் சம்பளம், எத்தனைக்குக் கீழே போனால் அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் கூடையை மாட்டுமுன்பே அவருக்குத் தெரியும். தராசில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் தெரியும். அந்தக் கழிவுக்காகத் தொழிற்சங்கம் வைத்துச் சண்டை போட்ட பரம்பரை அது. நிறுக்கும் விதியைத் தெரிந்துகொள்ளாமல் அவர் ஒரு நாளும் மலைக்குப் போனதில்லை. மகளும் அதே உரிமையோடு விரிவுரை மண்டபத்தில் கேட்க வேண்டும்: எதற்கு எத்தனை புள்ளி, எதைத் தவறவிட்டால் எவ்வளவு கழியும்?

அந்தக் காகிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது கிரெடிட். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு என்ற ஆவணம் 2012இல் வந்து, 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150 மணித்தியாலம். அதில் விரிவுரை 45 மணித்தியாலம்தான். மிச்சம் 105 மணித்தியாலத்தை மாணவரே தேடிப் படிக்க வேண்டும், எழுத வேண்டும், குழுவாக உட்கார்ந்து செய்ய வேண்டும். பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் வாரம் 7 மணித்தியாலம். இப்படி ஐந்து பாடம் என்றால், விரிவுரையையும் சேர்த்து வாரத்துக்கு 50 மணித்தியாலம்.

நேர அட்டவணையில் தெரிவதோ 15 மணித்தியாலம் மட்டுமே. மிச்சம் எல்லாம் வெற்றுக் கட்டம். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போய், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, விறகு எடுத்து, ஞாயிறு இரவு திரும்பும் பிள்ளைக்கு அந்த வெற்றுக் கட்டங்கள் ஓய்வு நேரமாகத்தான் தெரியும். அவை பாடத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த வாரத்தை அந்தப் பிள்ளை வேறு விதமாக ஒழுங்குபடுத்தியிருக்கும்.

படிப்பை மணித்தியாலத்தில் எண்ணும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. 1905இல் அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகி, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஒரு நிதியம் அமைத்தார். யாருக்குக் கொடுப்பது, எது உண்மையான கல்லூரி என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. கல்லூரியில் சேருமுன் மாணவர் ஒரு பாடத்தை வருடத்துக்கு 120 மணித்தியாலம் படித்திருக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் நிலைபெற்றது. ஐரோப்பிய நாடுகள் 1999இல் இத்தாலியின் பொலோனா நகரில் கூடி எடுத்த முடிவுக்குப் பிறகு, அங்கே வருடத்துக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணித்தியாலம் என்றானது. பெருக்கிப் பாருங்கள்: 1,500 முதல் 1,800 வரை. நம்முடைய 30 கிரெடிட்டும் 1,500 மணித்தியாலம்தான். பதுளையில் படிக்கும் பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படும் உழைப்பு ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதற்கு ஏறக்குறையச் சமம்.

அடுத்தது புள்ளிப் பங்கீடு. தொடர் மதிப்பீட்டுக்கு 40, இறுதிப் பரீட்சைக்கு 60 என்று ஒரு பாடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 40இல் வகுப்புத் தேர்வு 10, ஒப்படை 10, செய்முறை 10, இடைப் பரீட்சை 10. ஒப்படையைக் கொடுக்கவில்லை, வகுப்புத் தேர்வு நடந்த நாள் வரவில்லை என்றால், இறுதிப் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போதே உச்ச வரம்பு 80 ஆகிவிட்டது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த இருபது திரும்பி வராது. பல பீடங்களில் தொடர் மதிப்பீட்டிலும் இறுதிப் பரீட்சையிலும் தனித்தனியே ஒரு குறைந்தபட்சப் புள்ளி எடுத்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. 80 வீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத முடியாத பாடங்களும் உண்டு. இவையெல்லாம் அந்தக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.

தமிழ்நாட்டிலும் காற்று இதே திசையில்தான் வீசுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குவிதிகளில் எழுத்துப் பாடங்களுக்கு உள்மதிப்பீடு 20, இறுதித் தேர்வு 80 என்றிருந்தது. 2021 விதிகளில் அது 40, 60 என மாறியது. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கொடுக்கப்படும் புள்ளி எங்கும் கூடிக்கொண்டே போகிறது.

தவறவிட்ட ஒரு பாடம் எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். தரப்புள்ளியில் ஏ என்றால் 4.0, பி என்றால் 3.0, சி என்றால் 2.0, ஈ என்றால் பூச்சியம். ஒரு மாணவி முதல் வருடத்தின் 30 கிரெடிட்டில் 27க்கு பி எடுக்கிறாள். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில், ஒப்படை கொடுக்காததாலும் வரவு குறைந்ததாலும், ஈ. மொத்தம் 81ஐ 30ஆல் வகுத்தால் 2.70. அடுத்த வருடம் அதே பாடத்தை மறுபடி எழுதுகிறாள், நன்றாகவே எழுதுகிறாள். ஆனால் மறுபடி எழுதுபவருக்கு அதிகபட்சம் சிதான் கிடைக்கும் என்பது இங்குள்ள பல பல்கலைக்கழகங்களின் விதி. 87ஐ 30ஆல் வகுத்தால் 2.90. இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு வேண்டியது 3.00. மற்ற எல்லாப் பாடத்திலும் பி எடுத்தும் அந்த வருடத்துச் சராசரி வகுப்புக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. அதை மேலே ஏற்ற அடுத்து வரும் வருடங்களில் அவள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். ஆசிரியர் நியமனம், அரசாங்க உத்தியோகம், முதுகலை என எங்கே விண்ணப்பித்தாலும் அந்த வகுப்பைக் கேட்பார்கள். பெற்றோரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயிக்கவே 2024 செப்டம்பர் வரை இழுபறி நடந்த குடும்பங்களில், படிப்பு ஒரு வருடம் நீண்டால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது?

பதுளையில் இயங்கும் திறந்த பல்கலைக்கழக நிலையத்தில் படிப்பவர்கள் இதை இன்னும் கடுமையாகச் சந்திக்கிறார்கள். அங்கே தொடர் மதிப்பீடு புள்ளி சேர்ப்பதோடு நிற்பதில்லை. இறுதிப் பரீட்சைக்கு உட்கார அதுதான் அனுமதிச் சீட்டு. குறிக்கப்பட்ட சராசரியை எட்டாதவர் பரீட்சையே எழுத முடியாது. அங்கே படிப்பவர்களில் பலர் காலையில் தோட்டப் பாடசாலையில் கற்பித்துவிட்டுச் சனி ஞாயிறில் நகரத்துக்கு இறங்கும் ஆசிரியர்கள். ஓர் ஒப்படைத் திகதி தவறினால் அவர்களுக்குப் போவது ஒரு வருடம்.

கற்றல் பேறு என்று ஒரு பகுதி அந்தக் காகிதத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. எனக்கோ முழுக் காகிதத்திலும் பயனுள்ள பகுதி அதுதான் என்று தோன்றுகிறது. பரீட்சைக் கேள்வியின் வித்து அங்கே இருக்கிறது. ஊவாத் தேயிலையையே உதாரணமாக எடுப்போம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைச்சரிவில் வறண்ட காற்று வீசும்போது எடுக்கும் கொழுந்தில் உலகமே தேடி வாங்கும் ஒரு தனி மணம் ஏறுகிறது. அந்தப் பருவத்தின் இயல்புகளை விவரி என்றால், காற்று, வறட்சி, மாதம், மணம் என்று குறிப்பில் உள்ளதை எழுதினால் போதும். காரணங்களைப் பகுப்பாய்வு செய் என்றால், வறட்சியில் செடிக்குள் என்ன நடக்கிறது, தொழிற்சாலையில் வாட்டும் நேரத்தை ஏன் மாற்றுகிறார்கள் என்று ஒன்றோடொன்று தொடுத்துக் காட்ட வேண்டும். இந்தப் பருவத்தை மட்டும் நம்பி ஒரு தொழிற்சாலை இயங்குவது சரியா, மதிப்பிடு என்றால், இரண்டு பக்க நியாயத்தையும் நிறுத்துத் தன் முடிவைச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் ஒரே குறிப்பை எழுதிவைத்துவிட்டு, எல்லாம் எழுதினேனே, ஏன் புள்ளி வரவில்லை என்று கலங்கும் பிள்ளைகள் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1956இல் வகுத்த படிவரிசைதான் இன்றும் இந்தக் கற்றல் பேறுகளுக்குப் பின்னால் நிற்கிறது. எந்தப் பாடம் எந்தப் படி வரை ஏறச் சொல்கிறது என்று முதல் வாரமே பார்த்துவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழி, பார்த்து எழுதுவது. மாதிரி விடையை மனப்பாடம் செய்து ஒரு சொல்லும் பிசகாமல் எழுதினால் பாடசாலையில் பாராட்டுக் கிடைத்தது. பல்கலைக்கழக ஒப்படையில் அதே செயல் களவு. மூலத்தைக் குறிப்பிடாமல் ஒரு பந்தியை எடுத்துப் போட்டால் பூச்சியமும் விசாரணையும் வரலாம். நேற்று வரை பாராட்டப்பட்டது இன்று ஏன் குற்றம் என்று யாரும் சொல்லாமலே இந்தத் தண்டனையைக் கொடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். எப்படி மேற்கோள் காட்டுவது, பிறர் சொன்னதைத் தன் சொல்லில் எப்படிச் சொல்வது என்பதை முதல் மாதத்தில் கற்பித்த பிறகே விசாரணைக் குழு கூட வேண்டும்.

பேசாத விதிகள் ஏழைப் பிள்ளைகளை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்பதை உலகம் இப்போது கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தோணி ஆபிரகாம் ஜாக் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் உயர்குடிக் கல்லூரிகளில் படிக்கும் ஏழை மாணவர்களைப் பற்றி 2019இல் ஒரு நூல் வெளியிட்டார். பேராசிரியர் தம் அறையில் மாணவரைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் எதற்கு என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று அதில் காட்டுகிறார். தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதையில் அவர்கள் போகாமல் இருந்துவிடுகிறார்கள். பதுளையிலும் அதே மரியாதை உண்டு. சேர் பிஸியா இருப்பார் என்று கதவுக்கு வெளியே நின்று திரும்பிவிடும் பிள்ளைகள் நமக்குத் தெரிந்தவர்கள்தான். மேரி ஆன் விங்கெல்மெஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கல்வியாளர் ஓர் எளிய வழியைப் பரிசோதித்தார். ஒப்படை கொடுக்கும்போதே இது எதற்கு, என்ன செய்ய வேண்டும், எதைப் பார்த்துப் புள்ளி போடுவோம் என்ற மூன்றையும் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு அதனால் கூடுதல் நன்மை கிடைத்தது. செலவில்லாத மருந்து இது. நம் விரிவுரையாளர்கள் நாளைக்கே தொடங்கலாம்.

மலைநாட்டுக்கென்றே சில விதிகள் வேண்டும். 2021இல் கொரோனா காலத்தில் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் மலை உச்சிக் காட்டுக்கு ஏறி, மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து இணைய வகுப்புக்குச் சிக்னல் தேடியதை உலகச் செய்தி நிறுவனங்கள் படம் எடுத்துப் போட்டன. ஒப்படையை இரவு 11.59க்குள் இணையத்தில் ஏற்று என்று எழுதும் கை, அந்தப் படத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். மண் சரிவும் அப்படித்தான். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களே புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டமே சரிந்து கிடந்தது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையை நாடு முழுவதும் இடைநிறுத்த வேண்டியதாயிற்று. பரீட்சைத் திணைக்களமே திகதியைத் தள்ளிவைக்கும் மாவட்டத்தில், பாதை மூடினால் ஒப்படைத் திகதி தானாக நீளும் என்று ஒரு வரியை அந்த முதல் வாரத்துக் காகிதத்தில் எழுதுவதில் என்ன கஷ்டம்? நோய்க்கு மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுப்பது என்ற வரியையும் அப்படியே தெளிவாக எழுதிவிடலாம். தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு செல்லுமா என்று பிள்ளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளுக்கும் இதே சோதனைதான், உருவம் மட்டும் வேறு. பண்டாரவளை பிந்துனுவெவயில் உள்ள ஊவா தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால், இரண்டு வருடம் கல்லூரிக்குள், மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியராக. அங்கே எடுக்கும் பாடம் ஒவ்வொன்றும், எழுதும் பாடக்குறிப்பு ஒவ்வொன்றும் மதிப்பீட்டுக்குள் வரும். தொழிற்பயிற்சிப் பக்கம் போனால் புள்ளியே இல்லை. தேசிய தொழிற்தகைமையில் ஒரு வேலையைச் சரியாகச் செய்துகாட்டினால் தேர்ச்சி. இல்லாவிட்டால் இன்னும் தேர்ச்சி இல்லை, மறுபடி வா. அதற்கும் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்ற பட்டியல் முன்கூட்டியே எழுத்தில் உண்டு. வேலை பழகியே கற்றவருக்கும் முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் பல வருடம் மோட்டார் பழுதுபார்த்த ஒருவர் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அதில் பாதியை ஏற்கெனவே தன் கை செய்துகொண்டிருப்பதைக் காண்பார்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் பட்டப்படிப்புகளின் தரத்தை மீளாய்வு செய்ய ஒரு கைநூல் வெளியிட்டது. பாடத்தையும் மதிப்பீட்டையும் பற்றிய விபரங்கள் மாணவருக்குத் தொடக்கத்திலேயே தெரிவிக்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. தெரிவிப்பது என்றால் இணையத் தளத்தில் ஏற்றிவிடுவதோடு முடியாது. பாடங்கள் ஆங்கிலத்தில், சுற்றிலும் பேச்சு சிங்களத்தில், பிள்ளையின் வீட்டில் தமிழ். 1987இல் தமிழும் அரச கரும மொழியான நாட்டில், விதிகளை மட்டுமாவது முதல் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தமிழில் விளக்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது.

பல்கலைக்கழகங்கள் அதைச் செய்யும் வரை ஊர் காத்திருக்கவும் வேண்டாம். உயர்தரப் பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் கூப்பிடுவதற்கும் நடுவே மாதக்கணக்கில், சில ஆண்டுகளில் அதற்கும் மேலாகவே, பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். பதுளை சரஸ்வதியோ, பசறையோ, பண்டாரவளையோ, ஹப்புத்தளையோ, எந்தப் பாடசாலையும் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஒதுக்கலாம். இப்போது படித்துக்கொண்டிருக்கும் பழைய மாணவர்கள் பேராதனையிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, வந்தாறுமூலையிலிருந்து, பசறை வீதியிலிருந்து ஆளுக்கொரு உண்மையான கோர்ஸ் அவுட்லைனைக் கொண்டுவரட்டும். அதைப் பலகையில் ஒட்டி, எந்த வாரம் எத்தனை புள்ளி என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லட்டும். அன்றைக்கு அம்மா அப்பாவையும் கூப்பிட வேண்டும். ஒப்படை எந்த வாரம், இடைப் பரீட்சை எந்த வாரம், திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ பிள்ளையை வீட்டுக்கு வா என்று கூப்பிடக் கூடாத வாரம் எது என்று அவர்களும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகட்டும்.